அடித்துவிட்டு அனுப்பும் அரிசி மூட்டை

இளங்கோ,

நீ சிங்கப்பூர் போகப் போவதில்லை. உனக்குப் பதிலாக நம் டிரைவர் ஏழுமலை திண்டிவனம் கோர்ட்டில் சரணடையப் போவதும் இல்லை. இரண்டையும் நான் நிறுத்திவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ கத்துவாய், நான் அழுவேன், பேச்சு பாதியில் நின்றுவிடும். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. ஆண்கள் யாரும் குறுக்கே பேசாமல் நான் பேசியது சட்டமன்றத்தில் மட்டும்தான், அங்கேயும் மணி அடித்து உட்கார வைத்துவிடுவார்கள். கண்டாச்சிபுரத்தில் உன் மாமாவின் மோட்டார் கொட்டகைக்குள் ஒளிந்திருக்கிறாய். உனக்கு இப்போது வேறு வேலை இல்லை. நிதானமாகப் படி.

முதலில் லூர்து. பிழைத்துவிட்டான் என்று டாக்டர் சொல்கிறார். மண்டை ஓட்டைத் திறந்து, உறைந்திருந்த ரத்தத்தை எடுத்திருக்கிறார்கள். இடது கண் வீங்கி மூடிக் கிடக்கிறது. வலது கை அசையவில்லை. அவன் அக்கா கஞ்சி ஊட்டப் போனால், "மேரி, நீ சாப்ட்டியா?" என்று அவளைப் பார்த்துக் கேட்கிறான். மேரி அவன் பெண்டாட்டி. அவளைப் புதைத்த மண் காய்வதற்குள் நீ அவனை அடித்தாய். இதையெல்லாம் யாரும் உன் காதில் போட்டிருக்க மாட்டார்கள். "சின்னக் காயந்தான் தம்பி, நாலு தையல்" என்று நம் ஒன்றியச் செயலாளர் சொல்லியிருப்பார். என்னிடமும் அப்படித்தான் சொன்னார். நானும் அதை நம்பினேன், நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள், அதனால் நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். ஊருக்கும் காலனிக்கும் நடுவே கிடந்த மேய்ச்சல் நிலத்தில் சோலார் பிளான்ட் வந்தது என்னால்தான். உன் அப்பா செத்துப்போய், அவர் கேட்ட சீட்டைக் கட்சி எனக்குக் கொடுத்தது. ஜெயித்து வந்து நான் பேசிய முதல் பேச்சே அதுதான். மழை ஏமாற்றினால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கருகிப்போகிற பூமி இது, வெயிலாவது விளையட்டும் என்று பேசினேன். அதற்காக இன்றைக்கும் நான் வெட்கப்படவில்லை. பிளான்ட்டே வேண்டாம் என்று இப்போது மைக் பிடிக்கிறவன் எவனும் தன் வீட்டு ஃபேனை நிறுத்திவிட்டு வந்து பேசுவதில்லை. நான் கேட்காமல் விட்டது வேறு. அந்தக் கரெண்ட் யார் தலைக்கு மேலே போகிறது, யார் வீட்டுக்குள் வருகிறது என்று நான் கேட்கவில்லை. பெரிய கம்பிகள் காலனிக் கூரைகளுக்கு மேலே போய்ச் சென்னைக்கு வெளிச்சம் கொண்டுபோயின. கூரைகளுக்குக் கீழே பழைய கம்பங்கள் பழையபடியே சாய்ந்து நின்றன. புயல் அடித்து ஏரி வழிந்தபோது பெரிய கம்பிகளைத் தாங்கிய இரும்புக் கோபுரங்கள் அசையவில்லை. சின்னக் கம்பங்கள் மட்டும் பிடுங்கிப் போட்ட மல்லாட்டைச் செடி மாதிரி கிடந்தன. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அந்த ஜனங்கள் பிளான்ட் வேலியில் எரிகிற விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புயலுக்குப் பிறகு எது வந்தாலும் நம் பக்கத்தில் அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஊர், பிறகு காலனி. தண்ணீர் லாரியும் அப்படி, சோற்றுப் பொட்டலமும் அப்படி. யாரும் உத்தரவு போடுவதில்லை, தானாகவே அப்படி நடந்துவிடும், அதைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படுவதும் இல்லை. அன்றைக்கு மந்திரி வருகிறார் என்று தகவல் வந்தது. ஊர்க் கல்யாண மண்டபத்தில் நிவாரணம் கொடுக்க மேடை போட்டிருந்தோம். நீ கரெண்ட் ஆபீஸ் இன்ஜினியருக்கு போன் போட்டாய், ஸ்பீக்கரில் போட்டாய். அந்த மனுஷன் கெஞ்சினார். "சார், ஊருக்கும் காலனிக்கும் ஒரே டிரான்ஸ்பார்மரு. காலனிக்குள்ள கம்பி அறுந்து தண்ணியில கெடக்குது. அந்தப் பக்கத்த பிரிச்சி உட்டுட்டுத்தான் சார் லைன் குடுக்கணும். ஆளு உள்ள போவ முடியல. நாளைக்கு முடிச்சிக் குடுத்துர்றோம்." நீ சொன்னது எனக்கு ஒரு எழுத்துகூட மறக்கவில்லை. "மந்திரி வந்துக்கினு இருக்காருய்யா. மைக் வேலை செய்யணும். ஜல்தி குடுன்னு அம்மா சொல்றாங்க. முடியலன்னா சொல்லு, ராமநாதபுரத்துக்கு மாத்தி உட்டுர்றோம்." நான் எதிரே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். சொன்னது சரிதானே என்கிற மாதிரி நீ என்னைப் பார்த்தாய். நான் தலையாட்டினேன்.

கரெண்ட் வந்தது. மண்டபத்தில் கை தட்டினார்கள். காலனியில் லூர்து வீட்டுப் பின்பக்கம் கட்டியிருந்த ஆடு ஒரு தரம் கத்திவிட்டு நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று பார்க்கத்தான் மேரி தண்ணீரில் இறங்கினாள். அவள் கீழே போவதைப் பார்த்து லூர்து ஓடி வந்து சேலையைப் பிடித்தான், அவனையும் சுவரில் தூக்கி அடித்தது. எழுந்து, கூரையிலிருந்து ஒரு மூங்கிலை உருவி, கம்பியோடு ஒட்டிக்கொண்ட அவள் கையை அடி அடி என்று அடித்திருக்கிறான். அப்படித்தான் பிரிக்க முடியும். பெண்டாட்டியின் கையெலும்பு முறிகிற வரைக்கும் அடித்துப் பிரித்துக் கரையில் இழுத்துப் போட்டபோது அவள் உதடெல்லாம் கருத்துப் போயிருந்ததாம். அந்த நேரத்தில் மந்திரி பேசிக்கொண்டிருந்தார். மைக் நன்றாக வேலை செய்தது, காலனி வரைக்கும் கேட்டது.

மறுநாள் அவர்கள் விக்கிரவாண்டி டோல்கேட் பக்கத்தில் ரோட்டை மறித்தார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் லாரிகளைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. நான் போய்ப் பேசினால் கலைந்துவிடுவார்கள் என்று நினைத்தேன், எனக்கு அவ்வளவு தலைக்கனம். கார் கதவைத் திறந்ததும் பின்னாலிருந்து கொண்டையைப் பிடித்து இழுத்தார்கள். முழங்கால் ரோட்டில் தேய்ந்தது. ஒருத்தி என் வாயைப் பிளந்து உள்ளே சேற்றை அடைத்தாள். "தின்னும்மா, நாங்க இதுலதான் கெடக்கறோம்" என்று சொல்லிச் சொல்லி அடைத்தாள். அப்புறம் கல் வந்தது. நெற்றி பிளந்து கண்ணுக்குள் ரத்தம் ஓடி, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. லூர்துதான் எறிந்தான் என்று யாரோ உன்னிடம் சொன்னார்கள். அவன் அங்கே இல்லவே இல்லை. பிணவறை வாசலில் மேரியின் உடம்புக்காக உட்கார்ந்திருந்தான், அவனை அங்கே கொண்டுபோய் விட்டதே நம் ஏழுமலைதான். தையல் போட்டுக்கொண்டு படுத்திருந்தபோது இதை உன்னிடம் சொன்னேன். "எவனா இருந்தா இன்னாம்மா, ஒருத்தன் வாங்கணும் இல்ல?" என்றாய். அந்தப் பேச்சைக் கேட்டு நான் பயந்திருக்க வேண்டும். தலை வலிக்கிறது என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அடக்கம் முடிந்த பிறகு துக்கம் கேட்கப் போனோம். வராதே என்றேன், அம்மாவைத் தனியாக விட முடியாது என்று முன் சீட்டில் ஏறிக்கொண்டாய். ஏழுமலை காலனி முனையில் வண்டியை நிறுத்தினான். மண்சுவர் பாதி கரைந்துபோன வீட்டு வாசலில் லூர்து நின்றுகொண்டிருந்தான், கையில் ஒன்றும் இல்லை. கொஞ்சம் தள்ளி அவன் அக்காவும் துக்கத்துக்கு வந்தவர்களும் நின்றார்கள். "நான் உங்கள ஒண்ணும் கேக்கல. போங்கம்மா. நீங்க வந்ததே வாணாம்" என்றான். சத்தம்கூடப் போடவில்லை. "யாருகிட்ட பேசற, தெரியுமா?" என்று நீ கேட்டாய். "தெரியுமே. கரெண்ட் குடுத்தவங்ககிட்ட" என்றான். அவ்வளவுதான் அவன் பேசியது. நீ வண்டிக்குத் திரும்பி டிக்கியைத் திறந்தாய். போகலாம் என்றுதான் திரும்புகிறாய் என நினைத்தேன். வீல் ஸ்பானரோடு வந்தாய். முதல் அடி தோளில் விழுந்தது, அவன் அப்படியே குந்தினான். தடுக்கக் கையைத் தூக்கினான், அடுத்தது அந்தக் கையில் விழுந்து விரல்கள் பின்பக்கமாக மடங்கின. அப்புறம் தலையில் அடித்தாய். தேங்காய் உடைவது போல ஒரு சத்தம் வந்தது, இந்த ஜென்மத்தில் இனி நான் கோயிலில் தேங்காய் உடைக்க முடியாது. விழுந்த பிறகும் அடித்தாய், இளங்கோ. உன் முகத்தில் கோபம்கூட இல்லை. ஏதோ வேலையை முடிக்கிறவன் மாதிரி அடித்தாய். ஜனம் ஓடி வந்தது. ஏழுமலை என்னை வண்டிக்குள் தள்ளினான், உன்னைச் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டான். பின்கண்ணாடி நொறுங்க நொறுங்க வெளியே வந்தோம்.

இப்போது நம் வீட்டுப் பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ அதற்குள்ளேயே பிறந்து வளர்ந்தாய், அதனால் உனக்கு அது ஒரு பழக்கமாகவே தெரிந்திருக்காது. நம் வீட்டில் ஆளை அடித்தால் மறுநாள் அந்த வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசியும் ஒரு வேட்டியும் போகும். உன் தாத்தா செய்தார், உன் அப்பா செய்தார். களத்தில் மல்லாட்டை காயப்போட்டிருந்தபோது மாட்டை உள்ளே விட்டான் என்று உன் அப்பா ஒருவனைச் சவுக்குக் கட்டையால் அடித்து முன்பற்களை உதிர்த்தது உனக்கு நினைவிருக்கும், நீ பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். மறுநாள் அரிசி மூட்டையோடு நான்தான் போனேன். "அவருக்குக் கோவம் வந்தா கண்ணு தெரியாது, மனசு தங்கம்" என்று அந்த வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். அவளும் மூட்டையை வாங்கிக்கொண்டாள், அந்த வாரமே புருஷனை நம் நிலத்துக்கு வேலைக்கு அனுப்பினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்த மருமகள் விவகாரத்தை எவ்வளவு நாசூக்காக முடித்தாள் என்று உன் தாத்தாவும் மெச்சினார். அடிப்பது ஆண்கள் வேலை, மூட்டை கொண்டுபோவது பெண்கள் வேலை. மூட்டை போகும் என்கிற தைரியத்தில்தான் கை ஓங்கும் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. அரசியலுக்கு வந்தும் நான் வேறு என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். தாழ்ந்து கிடந்த கம்பியை அப்படியே விட்டோம், வெள்ளம் வந்தபோது லைனைப் போட்டோம், ஆள் செத்தபோது நிவாரணப் பை எடுத்துப் போனோம். பையில் என் படம் வேறு போட்டிருந்தது.

இந்தத் தடவையும் செயலாளர் அதே கணக்கைத்தான் போட்டார். லூர்து அக்கா வீட்டுக்கு அரிசி, ஒரு வீடு, அந்தம்மாளுக்குச் சத்துணவில் ஒரு வேலை. கேஸுக்கு ஏழுமலை. உனக்குச் சிங்கப்பூர். நானும் அதற்கு வழிவிட்டேன். போலீஸ் கேட்டபோது, கூட்டத்தில் யார் அடித்தார்கள் என்று பார்க்கவில்லை என்று சொன்னேன். என் கையெழுத்தோடு அந்தப் பொய் ஸ்டேஷனில் இருந்தது. ஏழுமலை நம் முற்றத்தில் நின்றுகொண்டு, "நான் போறேம்மா. தம்பிக்கு கல்யாணம் ஆவணும். எம் பொண்டாட்டிய நீங்க பார்த்துக்கங்க" என்றான். லூர்தைப் பிணவறைக்குக் கூட்டிப்போன ஆள், அவனை அடிக்கக் காரணமே இல்லாத ஆள், கொலை முயற்சிக்குப் போகிறேன் என்கிறான். அவன் பெண்டாட்டி சுவர் ஓரமாக நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். "பேஜாரு புடிச்ச வேலைக்கு எங்க ஆளுதான் கெடச்சாரா?" என்று அவள் கேட்டிருந்தால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. அவள் கேட்கவில்லை. நம்மிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை, அதுதான் நம்மைக் கெடுத்தது.

ஆஸ்பத்திரிக்கு நான் போனது மனசு கேட்காமல் அல்ல. லூர்து அக்காவைச் சரிக்கட்டத்தான் போனேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நம் கொல்லையில் வருஷக் கணக்கில் மல்லாட்டை பிடுங்கியவள், என் முகத்துக்கு நேரே பேச மாட்டாள் என்று நினைத்தேன். வராந்தாவில் வந்து நின்றாள். "நடந்தது நடந்துபோச்சு, நான் எவ்வளவோ கத்தினேன், அவன் காதுல விழல" என்று ஆரம்பித்தேன். நான் கத்தியதாகத்தான் எனக்கு நினைவு, சத்தியமாக. "எப்பம்மா கத்தினீங்க? உங்க புள்ள அடிக்கறப்போ எல்லாரும் அவனப் பார்த்துக்கினு இருந்தாங்க. நான் உங்களத்தான் பார்த்துக்கினு இருந்தேன். இந்தம்மா ஒரு வார்த்த சொன்னா எந் தம்பி பொழச்சிக்குவான்னு உங்க வாயையே பார்த்துக்கினு இருந்தேன். நீங்க வாயே தொறக்கல" என்றாள். அழவில்லை. உள்ளே போய்விட்டாள். ஆஸ்பத்திரி படியில் உட்கார்ந்து அந்த நிமிஷத்தை நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் நிஜம். நான் கத்தவில்லை. முடியட்டும் என்று நின்றிருக்கிறேன். மூட்டையை எப்போது அனுப்பலாம் என்றுகூட அந்த நேரமே நினைத்திருப்பேன்.

அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். முதல் வாக்குமூலம் பொய், இது நிஜம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். போன் பேச்சையும் சொன்னேன். அந்த இன்ஜினியரைச் சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். அவர் வேண்டாம் என்றார், நாங்கள்தான் மிரட்டினோம், என் தலையாட்டலுக்குப் பிறகுதான் லைன் வந்தது என்று எழுதிக் கொடுத்தேன். எழுதிக்கொண்டிருந்த எஸ்.ஐ. சின்னப் பையன், உன் வயதுதான் இருக்கும். பேனாவைப் பாதியில் நிறுத்திவிட்டு, "மேடம், அடிச்சவரு உங்களுக்கு இன்னா வேணும்னு எழுதணும்" என்றான். அவனுக்குத் தெரியும், தெரிந்தும் கேட்டான். "நான் பெத்த புள்ள, எழுதுங்க" என்றேன். அவன் எழுதி முடித்ததை வாங்கி ஒரு தரம் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

மயிலத்துக்குப் போய் உனக்கு நிச்சயித்திருந்த பெண் வீட்டிலும் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் கதவுக்குப் பின்னாலிருந்து முழுவதையும் கேட்டது. பிறகு அதன் அப்பா தாம்பூலத் தட்டைத் திருப்பிக் கொடுத்தார், மரியாதையாகத்தான் கொடுத்தார். கட்சியில் என்னை வைத்திருப்பார்களோ, துரத்துவார்களோ தெரியாது. பதவி இருக்கிற வரைக்கும் நான் சட்டமன்றத்தில் கேட்கப்போவது இதுதான். தலைக்கு மேல் கம்பி போகிற வீட்டுக்கு முதல் வெளிச்சம் கொடு. புயல் அடித்தால் கடைசிக் கம்பத்திலிருந்து வேலையைத் தொடங்கு. காலனிக்குள் ஒருவன் நடந்து பார்த்துவிட்டு வந்து சொல்லாமல் எந்த மந்திரிக்காகவும் லைனைப் போடாதே. மணி அடித்தாலும் உட்கார மாட்டேன். இது மேரியைத் திருப்பித் தராது என்று எனக்குத் தெரியும்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, இருந்தாலும் அம்மா என்பதால் சொல்கிறேன். போலீஸ் கேட்டால் நடந்ததைச் சொல், என்னைக் காப்பாற்ற எதையும் விடாதே. கோபத்தில் செய்தேன் என்று சொல்லாதே, உனக்குக் கோபம் இல்லை என்பதை நான் பார்த்தேன். லூர்து வீட்டுக்கு எதையும் கொடுத்தனுப்பாதே. உள்ளே உன்னை எவனாவது அடித்தால் அந்த வலி எப்படி இருக்கிறது என்று கவனித்துக்கொள். நீ சின்ன வயதில் ஊசி போட்டாலே என் கழுத்தைக் கட்டிக்கொள்வாய். ஆனாலும் எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தை ஒட்டாமல் கொடுத்தனுப்புகிறேன். வழியில் வண்டியை நிறுத்தி முழுவதும் படித்துவிட்டுத்தான் உன்னிடம் கொடுக்க வேண்டும் என்று ஏழுமலையிடம் சொல்லியிருக்கிறேன். சிறைக்குப் போக அவன் பையில் மடித்து வைத்திருந்த சட்டைகளை அவன் பெண்டாட்டி எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டுவிட்டாள். நீ வந்தாலும் வராவிட்டாலும் நான் கூண்டில் ஏறி, பார்த்ததைச் சொல்வேன். வந்தால் ஸ்டேஷன் வாசலில் உன் பக்கத்தில் நிற்பேன், ஜாமீன் கேட்க மாட்டேன், ஆனால் நிற்பேன். நீ தலையைத் தூக்கினால் உன் எதிரில் ஏழுமலை நின்றுகொண்டிருப்பான், உனக்காக உள்ளே போகத் தயாராக இருந்தவன். அவனிடம் ஒன்றும் பேசாதே. வண்டியில் ஏறு.

அம்மா